டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கப்பல்

வெளிநாட்டுக் காரைச் சொந்தமாக வைத்துக்கொண்டு அதை டவுன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கப்பல் நயினார். பஸ் நின்றால் காரும் நிற்கும். பஸ் கிளம்பினால் காரும் கிளம்பும். பஸ்ஸில் அவருடைய மனைவி உட்கார்ந்திருப்பார். காரில் நயினாரும், பக்கத்துச் சீட்டில் வேடிக்கை பார்க்க வந்த நானும். இப்படி இன்னொருவர் இருந்ததாக யாராவது நிரூபித்தால், எழுதுவதை விட்டுவிட்டு நான் அரிசி மண்டி வைக்கத் தயார்.

அரிசி மண்டி நயினாருடைய தொழில். தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தபோது, பெரிய காஞ்சிபுரத்தில் அவர் வீட்டு மாடிக்குத்தான் குடிபோனேன். தலைமுறை தலைமுறையாகச் சமணக் குடும்பம். வீடு கேட்டுப் போனவனிடம் அவர் சம்பளம் என்ன என்று கேட்கவில்லை, சொந்த ஊர் எது என்று கேட்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"சார், செருப்பு தோலா?"

"ஆமாங்க."

"அது கேட்டுக்கு வெளியவே இருக்கட்டும். நீங்க மட்டும் உள்ள வாங்க."

அன்றிலிருந்து என் செருப்பு வெயிலில் காய்ந்தது, மழையில் ஊறியது, கடைசியில் ஒருநாள் யாருடைய காலிலோ ஏறி ஊரைவிட்டே போய்விட்டது. நயினார் துளிக்கூட வருத்தப்படாமல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் அம்மா என்றே கூப்பிடுவோம். கொள்கையில் நயினாரைவிட ஒருபடி மேல். பொழுது சாய்ந்துவிட்டால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. புழுவைக் கொன்று எடுக்கிற நூல் வேண்டாம் என்று கல்யாணத்துக்குக்கூடப் பருத்திப் புடவைதான் கட்டினாராம். காஞ்சிபுரத்திலேயே பிறந்து, காஞ்சிபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டு, பெட்டியில் ஒரு பட்டுப் புடவைகூட இல்லாத பெண்மணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "எல்லாரும் உங்களாட்டம் இருந்துட்டா எங்க தறியெல்லாம் இன்னாம்மா ஆவறது?" என்று எதிர்வீட்டு நெசவாளர் கேட்பார். அம்மா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு வெளிப்போக்குவரத்துதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டவுன் பஸ்ஸில் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குப் போய்வருவார். முழங்கால் வலி வேறு. ஒருநாள் அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் படியில் ஏறுவதை நயினார் மண்டியிலிருந்து பார்த்துவிட்டார். அன்றைக்கே கார் வாங்குவது என்று முடிவாயிற்று.

ஒரு ஆட்டோ ஏற்பாடு பண்ணினால் போதாதா என்று கேட்டேன்.

"ஆட்டோ தூக்கித் தூக்கிப் போடுது சார்."

"அப்ப ஒரு அம்பாஸடர்?"

"அது ஆட்டோவுக்கு அண்ணன்."

சென்னைக்குப் போய், விலைக்கு வந்திருந்த பழைய வெளிநாட்டுக் கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ஜினைப் பார்க்கவில்லை. லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்கவில்லை. கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அம்மாவின் முழங்காலை நினைத்துக்கொண்டு நாலு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார். கடைசியில் ஒரு ஜெர்மன் காரின் சீட்டு அவரை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. சந்தன நிறம், குழந்தையின் கன்னம் மாதிரி மெத்து. உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே விலை பேசி முடித்தார்.

கார் தெருவுக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் சைக்கிளை எடுத்து உள்ளே வைக்க வேண்டியிருந்தது. யாரோ "கப்பல் வருதுடோய்" என்று கத்தினார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அவர் கப்பல் நயினார். அவருடைய சொந்தப் பெயரை மளிகைக் கடைக்காரரே மறந்துபோனார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க ஒருவர் ஓடிவந்தார். "அது இன்னாப்பா பாவம் பண்ணுச்சி?" என்று நயினார் அதை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

கதவைத் திறந்துவிட்டார். அம்மா வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். அந்தச் சமயம் பார்த்து, தெருமுனையில் குஷன் கடை வைத்திருந்த ரஹீம் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சீட்டைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அடடா! அசல் தோலு நயினாரே! இத்தினி வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி தோல நான் தொட்டதே இல்ல!"

அம்மாவின் கால் வெளியே வந்தது. அவர் நேராகக் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நயினார் எப்படி ஏமாந்தார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பிறந்ததிலிருந்து ரப்பர் செருப்பு, துணிப்பை, அரைஞாணுக்கு மேல் நூல் பெல்ட். தோலைத் தொட்டே அறியாத கை அது. "தோலுன்னா உங்க செருப்பாட்டம் கறுப்பா, கட்டையா இருக்கும்னு நெனச்சேன் சார். இவ்ளோ மெத்துனு இருக்கும்னு எவன் கண்டான்?" என்றார். தோல் எப்படியிருக்கும் என்று தெரிந்திருந்தால், உலகத்திலுள்ள அத்தனை சீட்டையும் விட்டுவிட்டு அதையே பொறுக்கி எடுத்திருக்க மாட்டார்.

மேலே வெள்ளைத் துண்டு விரித்துப் பார்த்தார். "போர்வ போத்திட்டா புலி பசுவாயிடுமா?" என்றார் அம்மா. கித்தானில் உறை தைத்துப் போட்டார். "உள்ள அதுதான இருக்குது?" என்றார் அம்மா. எதிர்வீட்டு நெசவாளர் நல்லெண்ணத்தோடு, "பட்டுல ஒரு உறை நெய்ஞ்சித் தரட்டுமா நயினாரே?" என்று கேட்டார். "ஏம்பா, எரியற வூட்ட எண்ணெ ஊத்தி அணைக்கச் சொல்றியா?" என்று நயினார் கையெடுத்துக் கும்பிட்டார்.

காரைத் திருப்பி விற்கலாம் என்றால் அவருக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்கென்று வாங்கியது, அம்மா ஒருநாளாவது ஏறாமல் எப்படி விற்பது? சும்மா நிறுத்தினால் பேட்டரி செத்துவிடும் என்று மெக்கானிக் பயமுறுத்தியிருந்தான். ஆகவே ஞாயிறுதோறும் அம்மா பஸ்ஸில், நயினார் பின்னால். பாதி வழியில் முழங்கால் தாங்காமல் போனால் மனசு மாறி இறங்கி வந்துவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை. நயினார் மட்டும் தோலில் உட்காருவாரா? சாப்பாட்டு மணை ஒன்றைச் சீட்டில் போட்டு, அதன்மேல் சம்மணம் போடாத குறையாக நிமிர்ந்து உட்காருவார். ஸ்டியரிங்குக்கும் தோலுறை என்பதால் இரண்டு கையிலும் துண்டு சுற்றியிருக்கும். ஜெர்மனியில் அந்தச் சீட்டைச் செய்தவன் பார்த்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பான்.

"அப்ப நான்?" என்றேன்.

"நீங்க தோல் செருப்பு போட்டவருதான சார். உங்களுக்குப் பரவால்ல."

சொகுசுக் கார் வைத்திருப்பவனுக்கு எத்தனை சில்லறைத் தொல்லைகள் என்று அந்த ஒரு வருஷத்தில் நான் கண்ணாரக் கண்டேன். காரைவிட்டு இறங்கினால் கத்திரிக்காய் விலை ஏறிவிடும். "கார வச்சிக்கினு கால் கிலோவுக்குப் பேரம் பேசறியே" என்று காய்க்காரம்மா மானத்தை வாங்குவாள். அதனால் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, சட்டைக் காலரைக் கொஞ்சம் கசக்கிவிட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குள் நடப்பார். காலையில் தெருவில் தறிக்காரர்கள் பாவு விரித்துவிட்டால், அந்த நூல் காய்ந்து சுருட்டுகிற வரைக்கும் கார் நகர முடியாது. பாவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கிற துணிச்சல் காஞ்சிபுரத்தில் கலெக்டருக்கே கிடையாது. பின்வீட்டம்மா கார்க் கூரையில் வடாம் பிழிந்துவைத்து, "சூடு நல்லா புடிக்குதுண்ணா, நாளைக்கும் எங்கியும் போயிடாதீங்க" என்று கேட்டுக்கொள்வார். கோயிலில் வேட்டுப் போட்டால் காரும் சேர்ந்து அலறும், அதை நிறுத்துகிற பொத்தான் எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

இது போதாதென்று கொள்கை வேறு. விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து விழும் என்று பொழுது சாய்ந்தால் கார் எடுக்க மாட்டார். மழை பெய்தால் ரோட்டில் தவளை வருமென்று அன்றைக்கும் லீவு. பூனை ஒன்று என்ஜினுக்குள் குட்டி போட்டபோது, குட்டிகள் தாமாக இறங்கி நடக்கிற வரைக்கும் சாவியையே தொடவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. இவர் பின்னால் வருவது அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒருமுறைகூட அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நயினாரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, முந்தின ஸ்டாப்பிலேயே பஸ்ஸில் ஏறி, அம்மா வந்ததும் அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். மார்க்கெட் தாண்டியதும் அம்மா டிரைவரைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"கொஞ்சம் மெதுவா போப்பா. பின்னால வர்றாரு. வேகமா ஓட்டினா பதறிப்பூடுவாரு."

"வாராவாரம் உங்களோட இதே ரோதனையாப் போச்சிம்மா, டைம் ஆவுதும்மா" என்று டிரைவர் முனகிக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். "இது பஸ்ஸா, தேரா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அம்மா காதிலேயே வாங்கவில்லை. நான் அதை நயினாரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அழுதிருப்பார்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. இனி பஸ் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவில் ஒருதரம் போய்வந்து, மூன்று நாள் படுத்துவிட்டார். அதோடு கோயிலுக்குப் போவதே நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, புடவை மாற்றி, போக இடமில்லாமல் கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதையும் கேட்காத மனுஷி அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மாட்டாமல் நான் மாடிக்கு ஏறிவிடுவேன். ஒருநாள் நயினார் எழுந்தார், மணையில் உட்கார்ந்து, காரை நேராகக் குஷன் கடைக்கு ஓட்டினார்.

"பாய், அத்தினியும் பிரிச்சிப் போடு."

ரஹீம் பாய் பதறிப்போனார். "நயினாரே, இந்தக் காருக்கு அழகே அதான்! பிரிச்சிட்டா நாளைக்கு எவன் வாங்குவான் இத?"

"எவனும் வாங்க வாணாம். அவ உக்காந்தா போதும்."

பாய் ரெக்ஸின் எடுத்துக் காட்டினார். பார்க்கத் தோல் மாதிரியே இருக்கிறதே, அம்மா எப்படி நம்புவார் என்று நயினார் ஒதுக்கிவிட்டார். கடைசியில் சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்ட ஜமக்காளத்தை வெட்டித் தைத்தார்கள். உள்ளே இலவம் பஞ்சு. பாய் கை தாராளம், நயினாருக்கோ இன்னும் மெத்தென்று வேண்டும். திணித்த திணிப்பில் சீட்டு உயர்ந்து, நயினாரின் தலை கூரையில் இடித்தது. அன்றிலிருந்து கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் ஓட்டினார். பிரித்த தோலைத் தனக்காவது தரும்படி பாய் கெஞ்சினார். வித்தாலும் பாவம், கொடுத்தாலும் பாவம் என்று சொல்லிவிட்டு, கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு நயினார் அதைக் கொல்லைத் தென்னை மரத்தடியில் புதைத்தார். அந்த மரத்து இளநீரை அவர் அப்புறம் தொடவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வானம் வெளுத்திருந்தது. அம்மா கதவருகில் நின்று ஜமக்காளத்தை அமுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு ரஹீம் பாயைக் கூப்பிட்டனுப்பினார்.

"உள்ள இன்னா பாய்?"

"இலவம் பஞ்சும்மா. அல்லா மேல சத்தியமா, தச்ச நூலு கூட பருத்தி நூலுதான்."

அம்மா ஏறி உட்கார்ந்தார். நயினார் கதவைச் சாத்தினார். நான் பின்சீட்டில். குழி வந்தபோதெல்லாம் நயினார் ஓரக்கண்ணால் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

கோயில் வந்தது. நான் முந்திக்கொண்டு இறங்கி, முன்கதவைத் திறந்துவிட்டேன். அம்மா இறங்கவில்லை. கண்ணாடி வழியாக எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்த ரோடு இப்டியே நேரா எங்க போவுது?"

"தெரியலியேம்மா. இத்தினி வருஷமா வர்றோம், இதுக்கு மேல போனதே இல்லியே."

"போய்ப் பாத்துட்டு வருவமா? கோயில் எங்கியும் ஓடிப்பூடாது."

நயினார் என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த நேரம் உலகத்தில் யாருமே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அம்மா கையை நீட்டிக் கதவைத் தாமே சாத்திக்கொண்டார். கப்பல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பிப் போய், வளைவில் மறைந்தது. நான் ரப்பர் செருப்போடு வெயிலில் வீடுவரை நடந்தேன்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டுமே, அதற்குள் வந்துவிட்டார்கள். அம்மா தலையெல்லாம் புழுதியாக, சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டு இறங்கினார். நயினார் மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ சார்! உங்கள அங்கியே வுட்டுட்டுப் போயிட்டமே! சுத்தமா மறந்துபூட்டுது சார்!"

"பரவாயில்லை நயினார்" என்றேன். என்னை ஒருவர் மறந்துவிட்டுப் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.