ரேடியோவுக்குக் காய்ச்சல்

டெலானிபூர்,
போர்ட் பிளேர்.
தை மாதம், 1967.

மதிப்பிற்குரிய அத்தான் பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு, குழந்தைவேலு பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இந்திராணியும் நலம். ரேடியோதான் நலமாக இல்லை. அங்கே தங்கள் கண் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் கட்டு அவிழ்க்கும் வரை கடிதங்களைத் தானே வாசித்துக் காட்டுவதாக அக்கா எழுதியிருந்தாள். ஆகவே அவளுக்கும் இந்த இடத்திலேயே வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் மங்கையர்க்கரசி சென்னை வானொலியில் பாடப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, தாய்மாமனாகிய எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆபீஸில் சொல்லியாகிவிட்டது. படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவரிடமும் சொல்லிவிட்டேன், அவர் கேட்கவே இல்லை. ஆனால் அவள் பாட்டு எந்தப் பெட்டி வழியாக வர வேண்டுமோ, அந்தப் பெட்டி அரை மணி நேரத்துக்கு மேல் வாய் திறக்க மாட்டேன் என்கிறது அத்தான்.

பொங்கல் லீவில் சென்னை டெஸ்ட் மேட்ச் வர்ணனை கேட்கும்போதுதான் இந்த வியாதி தெரியவந்தது. எங்கள் வரிசையில் ரேடியோ இருப்பது நம் வீட்டில் மட்டும். பக்கத்து வீட்டு தாஸ் பாபு, எதிர் வீட்டுத் தெலுங்குக்காரர், மீன்பிடிப் படகு வைத்திருக்கும் நம்ம தூத்துக்குடி அந்தோணிமுத்து, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பந்து மேலே எழும்பியது, கீழே ஆள் ஓடினான், அவ்வளவுதான், ரேடியோ கப்சிப். பந்தைப் பிடித்தானா விட்டானா என்பது இன்று வரை டெலானிபூரில் யாருக்கும் தெரியாது. கரண்ட் செலவுக்குப் பயந்து நானே ரகசியமாக அணைத்துவிட்டேன் என்று தெலுங்குக்காரர் தன் மனைவியிடம் சொன்னாராம். தொட்டுப் பார்த்தால் பெட்டி அனலாய்க் கொதிக்கிறது. உள்ளே இருக்கிற வால்வு சூடாகி மயங்கிவிடுகிறதாம். ஆறிய பிறகு தானே பேசுகிறது, மறுபடி மயங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் குணமாக்கியே தீருவது என்று வைத்தியத்தில் இறங்கினோம். தாஸ் பாபு தன் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து ரேடியோவுக்கு நேரே வைத்தார். இங்கே மாலையில் கரண்ட் இருப்பதே பாதிதான் என்பது தங்களுக்குத் தெரியும். ஃபேன் சுற்றினால் ரேடியோ முனகுகிறது, ரேடியோ பேசினால் ஃபேன் நிற்கிறது. பிறகு இந்திராணி, காய்ச்சல்காரனுக்குப் போடுவது போல துண்டை நனைத்து மேலே போட்டாள். "கை சுரீர்ங்குதுங்க!" என்று அலறிக்கொண்டு சமையலறைக்குப் போனவள் அன்று முழுக்க ரேடியோ பக்கமே வரவில்லை.

அடுத்து அந்தோணிமுத்து. "என்ன அண்ணாச்சி, இதுக்குப் போயி மண்டைய ஒடைக்கிய? மீனு கெடாம வைக்கோம்லா, ரேடியோவ வைக்க முடியாதா?" என்று சாக்கில் ஐஸ்கட்டி கொண்டுவந்து, பேசினில் போட்டு, அதன் மேல் பலகை வைத்து ரேடியோவைத் தூக்கி வைத்தான். அது மீன் பெட்டியில் இருந்த ஐஸ். அன்றிலிருந்து வரிசையில் உள்ள பூனைகள் எல்லாம் வாசலில் காத்துக் கிடக்கின்றன. செய்தி வாசிக்கும்போதுகூட எழுந்து போவதில்லை.

தாஸ் பாபு மட்டும் தலையை ஆட்டி ஆட்டி ஒரே யோசனையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அரே வேலு பாபு, இஸ்கா கோட் உதாரோ! ஆத்மி பீ மர் ஜாயேகா!" கோட்டைக் கழற்று, மனுஷனாக இருந்தாலே செத்துப்போவான் என்கிறார். அதாவது அக்கா தைத்து அனுப்பிய வெல்வெட் உறையைக் கழற்ற வேண்டுமாம். உள்ளே பஞ்சு வைத்து, மயில் போட்டு, இரண்டு திருகுக்கும் ஒலி வருகிற இடத்துக்கும் மட்டும் ஓட்டை விட்டு, முதுகுப் பக்கம் பொத்தான் வைத்த உறை! கடல் காற்று பட்டால் துருப்பிடிக்கும், ஒருநாளும் கழற்றக் கூடாது என்று அக்கா கட்டளையிட்ட உறை! "நாத்தனார் தெச்சத நான் கழட்டிப் போட்டேன்னு பேச்சு வரணுமா? ரேடியோ போனாலும் போகட்டும், உறை இருக்கட்டும்" என்று இந்திராணி ஒரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். தாஸ் பாபு நல்ல மனிதர். பாவம், அவருக்கு அக்காவைத் தெரியாது.

ஆகவே அத்தான், அடுத்த கப்பலில் வருகிறவர் யாரிடமாவது புது வால்வு ஒன்றும் நல்ல டேபிள் ஃபேன் ஒன்றும் தயவுசெய்து கொடுத்தனுப்பவும். அதுவரை மங்கையின் பாட்டைத் தள்ளிவைக்க முடியுமா என்று நிலையத்தாரைக் கேட்டுப் பார்க்கவும். கேட்பதில் தவறில்லை. ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அவள் வாய் திறக்கிற நேரத்தில் பெட்டி மயங்கிவிட்டால் எனக்குத் தாங்காது. அவள் பிறந்தபோது வெல்லம் தொட்டு நாக்கில் வைத்தவன் நான்.

மங்கைக்கு எங்கள் இருவர் ஆசியும், தங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் நமஸ்காரமும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்
குழந்தைவேலு

பின்குறிப்பு: கப்பலில் ஏதோ ரிப்பேராம், கிளம்பவில்லை. கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இதற்குள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து போய்விட்டது. இனி வரும் பகுதியை அக்கா வாசிக்க வேண்டாம், கண்கட்டு அவிழ்த்த பிறகு தாங்களே வாசித்துக்கொள்ளவும்.

வால்வு வேண்டாம். ஃபேன் வேண்டாம். ஐஸ் தண்ணீர் ஊறி, மீன் நாற்றம் தாங்காமல் ஞாயிறு காலை இந்திராணி உறையைத் துவைத்துப் போட்டாள். அவ்வளவு பஞ்சு சாயங்காலத்துக்குள் காயுமா? வேறு வழியில்லாமல் ரேடியோவை வெற்றுடம்போடு வைத்தோம். மங்கை மூன்று பாட்டும் பாடி முடித்தாள், பெட்டி வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. கூடம் நிறைய ஆட்கள். இந்திராணி அழுதாள், நானும் அழுதேன், "போஹுத் அச்சா" என்று தாஸ் பாபுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டுக்கா, தன் யோசனை பலித்ததற்கா என்று நான் கேட்கவில்லை.

அக்கா, நீ வாசித்துக்கொண்டுதான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். கோபப்படாதே. உன் உறையை நாங்கள் மூலையில் போடவில்லை. இந்திராணி அதைக் காபிப் பாத்திரத்துக்கு மாட்டியிருக்கிறாள். காலையில் போட்ட காபி, நான் ஆபீஸ் விட்டு வரும்போதும் நாக்கைச் சுடுகிறது. சோற்றுப் பானைக்கும் ஒன்று தைத்து அனுப்பு. மயில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பஞ்சை மட்டும் குறைத்துவிடாதே.