இத்தாலிக் கோட்டைகளுக்கு நான் ஏன் வர முடியாது

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால்களைத் தவிர அனைவரும் நலம். அங்கே இத்தாலியில் நீயும், உனக்கு வேலை கொடுத்த சுற்றுலாக் கம்பெனியும் நலமாயிருக்க அண்ணாமலையார் அருள் புரிவாராக. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசி என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவாய் என்பதால் கடிதம்.

விஷயம் இதுதான், என்னால் வர முடியாது. அறுபது தாண்டியவர்களுக்கென்று நீ ஒரு சைக்கிள் வழி போட்டிருக்கிறாய், அப்படி ஒருவர் அதை ஓட்டி முடித்துக் காட்டினால்தான் கம்பெனி ஏற்றுக்கொண்டு உன் வேலையை நிரந்தரமாக்கும், எல்லாம் புரிகிறது. புரிவதால்தான் சொல்கிறேன், வேறு ஆளைப் பார். நீ அனுப்பிய படங்களில் ஒவ்வொரு ஊரும் ஒரு குன்றின் தலையில் இருக்கிறது, அதற்கும் மேலே ஒரு கோட்டை. அந்தக் காலத்து ராஜாக்கள் அங்கே கட்டியதே ஏறி வருகிறவனுக்கு மூச்சு வாங்கட்டும் என்றுதான். செஞ்சிக் கோட்டையிலேயே பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டவன் நான்.

முயற்சியே செய்யவில்லை என்று நினைக்காதே. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், பழகிக்கொள் என்றாய். சரி என்று விடிந்ததும் கிரிவலப் பாதையில் வலப்பக்கமாகவே சைக்கிளை விட்டேன். எதிரே வந்த ஆட்டோக்காரர் திட்டியதை இங்கே எழுத முடியாது, அம்மா படிப்பாள். அவரிடம் தப்பி அடி அண்ணாமலை வந்தால், பூ விற்கிற அம்மா ஒருவர் கையை நீட்டி மறித்துவிட்டார். கிரிவலம் போகிறவர்கள் இடப்பக்கம் நடந்து, மலையை ஒட்டிய வலப்பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சித்தர்களுக்கு விட்டுவிடுவது வழக்கமாயிற்றே, இத்தாலி ஞாபகத்தில் அது எனக்கு மறந்தே போயிற்று. "சித்தருங்க நடக்கிற பக்கம் சைக்கிள் உடுறீங்களே சார், எத்தினி பேரை இடிச்சீங்களோ" என்றார். மீதித் தூரமெல்லாம் மணி அடித்துக்கொண்டே போனேன். காலி ரோட்டுல ஒருத்தன் மணி அடிச்சிக்கிட்டே போனா ஜனங்க என்ன நினைக்கும்? ரிடையர் ஆன பிறகு மனுஷனுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு பக்கத்து வீட்டு அர்ஜுனன் உன் அம்மாகிட்ட துக்கம் விசாரிச்சிட்டுப் போனார்.

சரி, சித்தருங்க இல்லாத ரோடா பாப்போம்னு மறுநாள் கீழ்பென்னாத்தூர் பக்கம் போனேன். அங்க தார் ரோட்டுல பாதிக்கு வேர்க்கடலை, அதான் நம்ம மல்லாட்டை, காய வெச்சிருந்தாங்க. எந்தப் பாதின்னு நான் சொல்லணுமா? மல்லாட்டை மேல சக்கரம் ஏறினா என்ன ஆகும்னு உங்க கம்பெனி யோசிச்சிருக்காது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஓடி வந்தவங்க முதல்ல மல்லாட்டையைத்தான் அள்ளினாங்க. அப்புறம் என்னையும் தூக்கி உட்கார வெச்சி, தண்ணி குடுத்து, பை நெறைய மல்லாட்டை ரொப்பி அனுப்பினாங்க. அடி ஜாஸ்தி இல்ல. ஆனா பயம் வந்துடுச்சிம்மா. விழறதுக்கு நான் பயப்படல, உன் முதலாளி பாக்கும்போது விழுந்து, என்னால உன் வேலை போயிடுமோன்னுதான் பயம்.

ஆகவே, தெம்பான உள்ளூர்ப் பெரியவர் யாரையாவது ஏற்பாடு செய்துகொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ போகிற பாதையெல்லாம் மேடு கம்மியாக அமைய ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா
ராமதாஸ்

பி.கு.: உறையை ஒட்டும் முன் அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். "நல்லா ஓட்டுறவங்க போனா, அந்த வழியில எங்கெங்க விழுவாங்கன்னு அவளுக்கு எப்படிங்க தெரியும்? அதுக்கு நீங்கதான் போவணும்" என்றாள். அவள் சொன்ன கையோடு பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன். நீ விண்ணப்பிக்கச் சொன்ன விசாவும் இன்று காலை வந்துவிட்டது. தபாலில் போட்டால் நாளாகும் என்கிறார்கள், எனவே இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன். நீ படித்து முடித்ததும் கிளம்பலாம்.