கைமாறாத கத்தி

ஏற்காட்டில் இப்போதெல்லாம் ஒரு பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ரெண்டு தேசம் அதில் கலந்திருக்க வேண்டும். நாகலூர் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் தயிர்சாதத்தை உருட்டி, கடல்பாசியில் சுற்றி, கூடவே ரெண்டு குச்சியும் கொடுக்கிறார்கள். சாப்பிட்டவர்கள் வயிறு நிறைந்ததா என்று யாரிடமும் சொல்வதில்லை. 'நல்ல அனுபவம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த ரிசார்ட்டின் தலைமைச் சமையல்காரர் ஜெப்சன், காப்பி எஸ்டேட்டுகளுக்குக் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி அடித்துக் கொடுக்கும் ஸ்தனிஸ்லாஸிடம் ஒருநாள் வந்து நின்றார்.

"அண்ணா, அலகு சப்பான் கத்தியாட்டம் மெல்லிசா இருக்கோணும். தக்காளி மேல வெச்சாலே எறங்கோணும். பிடி மட்டும் வெள்ளைக்காரன் கத்தியாட்டம் கனமா, ரிவெட்டு அடிச்சு இருக்கோணும்."

வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழைய லாரியின் கமான் பட்டை இரும்பைக் காய்ச்சி, அடித்து, மெல்லிசாக்கி எண்ணெயில் முக்கினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். எடுத்துப் பார்த்தால் விரிசல். விரியாத அலகு வாழைப்பழமாக வளைந்தது. மழைக்காலம் பூராவும் இதே கூத்து. "ஊட்டுல மீன் அறுக்க ஒரு கத்தி இல்ல, இவரு சப்பானுக்கும் சீமைக்கும் சம்பந்தம் பேசறாரு" என்று அவர் மனைவி ஈவ்லின் கரித்துக் கொட்டினாள்.

கடைசியில் ஒன்றே ஒன்று தேறியது. அலகில் மேகம் படிந்ததுபோல் மெல்லிய கோடுகள். பட்டுப்போன காப்பிச் செடியின் தண்டில் பிடி. கையில் எடுத்தபோது ஸ்தனிஸ்லாஸுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளையைக்கூட மனுசன் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை என்று ஈவ்லினுக்கு ஒரு குறை.

ஜெப்சன் தக்காளி அறுத்துப் பார்த்து அசந்துபோனார். "இனி எங்க கிச்சனுக்கு மொத்தக் கத்தியும் நீங்கதாண்ணா. ஒண்ணே ஒண்ணு, மலைக் கைத்திறன்னு கவர்மெண்ட் முத்திரை வாங்கிட்டு வந்துருங்க. கெஸ்டுக்குக் கத்தி முக்கியமில்ல, கத்தியோட கதைதான் முக்கியம். கோடை விழாவுக்குள்ள வேணும். மெஷின் கத்தி வாங்கச் சொல்லி முதலாளி ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

மலைக் கைத்திறன் முத்திரை வழங்கு உப அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதற்கு அலுவலர் ஜீவானந்தம், எழுத்தர் வனிதா. ஸ்தனிஸ்லாஸ் சொன்னதையெல்லாம் ஜீவானந்தம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அலகு சப்பான்காரன். பிடி வெள்ளைக்காரன். இதுல ஏற்காடு எங்கீங்க இருக்குது?"

"நடுவுல நான் இருக்கேனுங்க."

"சரி, பார்ப்போம்."

ஸ்தனிஸ்லாஸ் துணியைப் பிரித்துக் கத்தியை நீட்டினார். ஜீவானந்தம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அட, கீழ வைங்க! கத்தியைக் கைக்குக் கை கொடுத்தா சண்டை வருமுன்னு தெரியாதுங்களா?"

தெரியாமல் என்ன! ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஸ்தனிஸ்லாஸ் வீட்டிலும் அவர் கீழே வைத்தால்தான் ஈவ்லின் எடுப்பாள். இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டில் சாதி கிடையாது, மதம் கிடையாது. ஏதோ ஆர்வத்தில் மறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்கம்மா, ஒரு ரசீது குடுத்தீங்கன்னா..."

வனிதா நிமிர்ந்து பார்த்தாள். "சார் வாங்கியிருந்தாத்தானுங்க ரசீது? நீங்களும் குடுக்கல, சாரும் வாங்கல. அது மேசைமேல கெடக்குதுங்க."

"அப்படீன்னா நானே எடுத்துட்டுப் போறேனுங்க."

"மேசை யாருதுங்க?" என்றார் ஜீவானந்தம்.

"கவர்மெண்டுது."

"அப்ப மேசைமேல கெடக்கறது?"

ஸ்தனிஸ்லாஸ் வெறும் துணியை மடித்துக்கொண்டு கிளம்பினார். அன்று மாலையே, மேற்படி அலுவலகத்தின் மேற்படி மேசைமீது உரிமையாளர் இன்னாரென அறியப்படாத கூர்மையான பொருளொன்று காணக்கிடைத்ததாகச் சேலத்துக்குக் கடிதம் போயிற்று.

பொருள் கிடந்த இடத்தில் கிடக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஜீவானந்தம் வேறு மேசைக்கு மாறினார். பழைய மேசையைத் துடைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. கத்திக்குத் துரு பிடிக்குமே என்று ஸ்தனிஸ்லாஸ் தேங்காய் எண்ணெயும் துணியுமாக வந்து, வாசலிலேயே நின்று, எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பாவம், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வந்தவர்கூட உள்ளே போகலாம்.

ஆய்வுக் குழு ஒன்று சேலத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியது. மேசையைச் சுற்றி வந்து கத்தியை நாலு பக்கமும் போட்டோ பிடித்தார்கள். "நொம்ப அருமையான வேலைப்பாடு" என்று பாராட்டி, பிடியைத் தொடாமல் முத்திரையையும் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆக, முத்திரை கிடைத்துவிட்டது. கத்திதான் கிடைக்கவில்லை.

பிறகு சுற்றறிக்கை வந்தது. பொருள் மேசைக்கு வந்தது கைமாறாததால். ஆகவே மேசையை விட்டுப் போவதும் கைமாறினால்தான். அலுவலர் தம் கையால் கொடுக்க வேண்டும், உரியவர் தம் கையால் பெற வேண்டும். இடையில் எப்பொருள்மீதும் வைக்கப்படலாகாது.

"எம் பொண்ணுக்கு வரன் பார்த்துட்டு இருக்கறனுங்க. இந்த நேரத்துல எவனோடயும் சண்டை ஆகாது" என்றார் ஜீவானந்தம்.

"சாருக்குப் பதிலா நான் குடுக்கலாமுன்னா, எனக்குப் பதவி உயர்வு வரவேண்டி இருக்குதுங்க" என்றாள் வனிதா.

"மழைக்காலம் பூராத் தூங்காம அடிச்ச கத்தி சார் அது! உங்க பொண்ணுக்கு வரன் அமையற வரைக்கும் இங்க கெடந்து துருப்புடிக்கோணுமா?"

"பொண்ணைப் பத்திப் பேசினீங்கன்னா மரியாதை கெட்டுரும்!"

"கெடட்டும்!"

கத்தி கைமாறாமலே சண்டை ரோட்டுக்குக் கேட்டது. வீட்டுக்குப் போனால் ஈவ்லின் வேறு. "உங்க கத்தியை உங்க கையால வாங்கத் துப்பில்ல. நானா இருந்தா அந்த ஆளு கையைப் புடிச்சுப் புடுங்கிட்டு வந்திருப்பேன்!"

கோடை விழாவுக்கு முந்தின நாள் ஜீவானந்தத்துக்கு மாறுதல் உத்தரவு வந்தது. வேறு ஜில்லா. அவரே ஆள்விட்டு ஸ்தனிஸ்லாஸை வரச்சொன்னார்.

"நாளைக்கு நான் இங்க இல்லீங்க. இனிமேல் நமக்குள்ள சண்டை வந்தாத்தான் என்ன, வராட்டித்தான் என்ன! இந்தாங்க."

கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கத்தியை எடுத்தார். பிடி ஸ்தனிஸ்லாஸைப் பார்க்கும்படி திருப்பி நீட்டினார். வனிதா பேனாவோடு நின்றாள். ரெண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது காப்பித் தண்டுப் பிடி. ஸ்தனிஸ்லாஸ் கை நீட்டினார். நீட்டிய கை சட்டென்று பின்னால் போயிற்று.

"கீழ வெச்சிருங்க சார், நான் எடுத்துக்கறேன்."

"அதானே!" என்று ஜீவானந்தம் நிம்மதியாக மேசைமேல் வைத்தார்.

மூன்று பேரும் கத்தியைப் பார்த்தார்கள். பிறகு வனிதா எழுதினாள்: 'நேரில் வழங்கியும் உரியவர் பெற மறுத்தார். கோப்பு முடிக்கப்பட்டது.'

விழாவுக்கு ரிசார்ட்டில் மெஷின் கத்தி வந்து இறங்கியது. ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, விழப்போகிற வசவுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஈவ்லின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நல்லவேளைங்க, கையில வாங்காம வந்தீங்க! வாங்கியிருந்தா அந்த ஆளோட உங்களுக்கு ஆயுசுக்கும் சண்டையில்ல வந்திருக்கும்!"