ஓவர்டியூ மாமியும் சூரியநெல்லி பாக்கியும்

காட்டு யானையைக் கண்டு பயப்படாத டாக்டர்களை எனக்குத் தெரியும். ஓவர்டியூ மாமியைக் கண்டு பயப்படாத டாக்டர் பாலக்காடு ஜில்லாவில் இதுவரை பட்டம் வாங்கியதில்லை.

மாமி எங்கள் மருத்துவக் கல்லூரி நூலகத்தின் தலைமை நூலகர். நான் அவருக்கு அடுத்த நாற்காலி. எடுத்த புத்தகம் கெடு தாண்டினால் நாங்கள் 'ஓவர்டியூ' என்போம். அந்தச் சொல்லை மாமி சொல்லும் விதத்தில் கேட்டால், புத்தகமே எடுக்காதவர்கள்கூடப் பையைத் திறந்து பார்ப்பார்கள். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை.

நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்பது சட்டம். அதை மீறிய ஒரே ஆள் மாமிதான். மூலையில் இரண்டு பிள்ளைகள் குசுகுசுவென்று பேசினால் போதும், "இங்க யாரும் பேசப்படாது, கேட்டேளா!" என்று ஒரு குரல் கிளம்பும். எதிர்க் கட்டடத்தில் நாடி பார்த்துக்கொண்டிருப்பவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஆய்வுக் கட்டுரை தேடித் தரச் சொல்லி வரும் மேற்படிப்பு மாணவர்களை மாமி சும்மா விட மாட்டார்.

"இது யாருக்காக்கும்?"

"என் தீசிஸுக்கு, மேடம்."

"தீசிஸுக்கா? அதுக்கென்ன ஜுரமா? ஜுரம் யாருக்குன்னு சொல்லு, தேடித் தரேன்."

இது வேடிக்கை இல்லை, மாமியின் வேலை முறை. நோயாளி யார், எந்த ஊர், இதைப் படித்து அவருக்கு என்ன செய்யப் போகிறாய் என்று மூன்று வாக்கியம் சொன்னால்தான் மாமியின் விரல் விசைப்பலகையில் விழும். சொன்னவனுக்கு உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் கட்டுரை வந்து சேரும். சொல்லாதவன் கைபேசியில் கிடைத்ததை வைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நல்ல ஆராய்ச்சி இதழ்கள் ஒரு கட்டுரையை மாதக்கணக்கில் துருவிப் பார்த்து வெளியிடும். எதையும் படிக்காமல் வெளியிடும் போலி இதழ்களும் உண்டு. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும் என்பதால் அவற்றுக்கு நல்ல கிராக்கி. "மதிப்பிற்குரிய அறிஞரே" என்று அவை அனுப்பும் மின்னஞ்சல் ஒன்று மாமிக்கும் வந்தது. அறிஞர் சும்மா இருப்பாரா? மொளகூட்டல் என்னும் பாலக்காட்டுக் கூட்டு செய்யும் விதத்தை நோக்கம், செய்முறை, முடிவு என்று பிரித்து எழுதி அனுப்பிவிட்டார். சேனைக்கிழங்கை ஆய்வுக்கு உட்பட்டவர் என்றும், தேங்காயை அவருக்குத் தரப்பட்ட சிகிச்சை என்றும் குறிப்பிட்டிருந்தார். ஒரு வாரத்துக்குள் ஏற்புக் கடிதம் வந்தது. ஆழமான ஆய்வாம், மேற்கோள்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டுமாம். மாமி அதை நூலக வாசலில் ஒட்டினார். அதே இதழில் கட்டுரை போட்டிருந்த பேராசிரியர் ஒருவர் அதன்பிறகு வெகுநாள் நூலகம் இருக்கும் மாடிக்கே வரவில்லை.

இப்படிப்பட்ட மாமியிடம்தான் செந்தில் டாக்டர் மாட்டினார்.

செந்தில் சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர், எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பையன். மனைவிக்குக் கோயம்புத்தூரில் வேலை, கைக்குழந்தையும் அங்கே. வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். ஒவ்வொரு வாரமும் குழந்தை அவரைப் புது ஆளாக நினைத்து அழும். மூணாறு மலையில் உள்ள சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டப் பெண்களின் ரத்தசோகை பற்றி அவர் எழுதிய கட்டுரை நல்ல இதழில் வந்தது. அதன் புண்ணியத்தில் கோயம்புத்தூரிலேயே ஒரு கல்லூரியில் இணைப் பேராசிரியர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு.

கல்லூரியை விட்டுப் போகிறவர்கள் எல்லாத் துறைகளிலும் 'பாக்கி இல்லை' என்று கையெழுத்து வாங்க வேண்டும். செந்தில் எங்கும் வாங்கிவிட்டு, வியாழக்கிழமை சிரித்துக்கொண்டே நூலகத்துக்கு வந்தார்.

"நோக்கு ஒண்ணு ஓவர்டியூ ஆயிருக்கே" என்றார் மாமி.

"எல்லாப் புஸ்தகமும் குடுத்துட்டேனுங்க மாமி."

"புஸ்தகம் குடுத்தாச்சு. சூரியநெல்லி குடுக்கலை."

செந்தில் என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

"அந்தப் பொம்மனாட்டிகள் கிட்டேர்ந்து ரத்தம் எடுத்தாய். ஆத்து விஷயமெல்லாம் கேட்டு எழுதிண்டாய். கடைசில என்ன தெரிஞ்சுதுன்னு அவாகிட்டப் போய்ச் சொன்னியோ?"

"பப்ளிஷ் ஆயிருச்சுங்களே. ஆரு வேணும்னாலும் படிக்கலாமுங்க."

"தேயிலைக் கொழுந்து நுள்ளறவா இங்கிலீஷ் ஜர்னல் படிச்சிண்டாக்கும் நுள்ளறா? எடுத்தா திருப்பித் தரணும். இதாக்கும் லைப்ரரி."

"ஏனுங்க மாமி, இது லைப்ரரிங்களா, செக்போஸ்ட்டுங்களா?"

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மாமி கண்ணாடியைத் துடைத்தால் பேச்சுவார்த்தை முடிந்தது என்று அர்த்தம்.

செந்தில் பிரின்சிபாலை அழைத்து வந்தார். பிரின்சிபால் கோட்டயத்துக்காரர், எதற்கும் அசராத மனிதர். கம்பீரமாக உள்ளே நுழைந்து, "மாமி, எந்தா இது?" என்றார். மாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சார், சக்குபள்ளம்?" என்று மட்டும் கேட்டார். சக்குபள்ளத்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் மூச்சுக் கோளாறு பற்றி எழுதித்தான் பிரின்சிபால் பேராசிரியர் ஆனார். எழுதியபின் அந்தத் திசைக்கே போனதில்லை. அவர் செந்திலின் தோளில் கை வைத்து, "செந்திலே, மூணாறு பஸ் எத்ர மணிக்கா?" என்று விசாரித்தார்.

பாக்கி தீர்வதைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து என்று மாமியும் சேர்ந்துகொள்ள, சனிக்கிழமை காலை கிளம்பினோம். மாமிக்கு மலைப் பேருந்து ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துக்கொண்டே வர ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். மறையூர் தாண்டும்வரை மாமி கண்ணைத் திறக்கவில்லை. செந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேசாமலேயே திட்டிக்கொண்டு வந்தார். வழக்கமாக அவர் குழந்தையைப் பார்க்கப் போகும் நாள் அது. அன்று இரவு மூணாறில் தங்கிவிட்டு, ஞாயிறு காலை சூரியநெல்லி போய்ச் சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், எல்லோரும் இருந்தார்கள். மாமி தன் கையால் வரைந்த பெரிய படம் ஒன்றை விரித்தார். சிவப்பு வட்டங்கள் கை கால் முளைத்து நடந்துகொண்டிருந்தன. அவைதாம் ரத்த அணுக்களாம். மாமி தன் கல்பாத்தி அக்ரகாரத் தமிழில் பத்து நிமிடம் முழங்கினார். பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் பேச்சியம்மா என்ற மூத்த தொழிலாளி செந்திலைப் பார்த்து, "இந்தம்மா நல்லாத்தான் பேசுதாக. என்ன சொல்லுதாகன்னு நீங்க சொல்லுங்க சார்" என்றார். படம் அத்துடன் ஓய்வு பெற்றது. சற்று நேரத்தில் அதன்மேல் பலாச்சுளை இருந்தது.

செந்தில் வேண்டாவெறுப்பாகத்தான் எழுந்தார். "போன தடவ வந்தப்ப ஒவ்வொருத்தரையா தனியாக் கூப்பிட்டு, ரத்தம் கம்மியா இருக்குதுன்னு சொல்லி மாத்திரை குடுத்தனுங்களே. அது ஒருத்தர் ரெண்டு பேருக்கு இல்லீங்க. இங்க முக்காவாசிப் பேருக்கு அப்படித்தானுங்க. அதைத்தான் நான் எழுதினேன்" என்றார்.

பேச்சியம்மா மெல்லத் திரும்பிப் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்குமா?"

"ஒங்களுக்குமாக்கா?"

"சீக்காளின்னு தெரிஞ்சா வேலைக்கு எடுக்க மாட்டாகன்னுல்ல பயந்து கெடந்தேன்! நீ பாத்துரக்கூடாதுன்னு மாத்திரையக் கோழிக்கூண்டுல ஒளிச்சு வச்சேன்."

"நான் அரிசிப் பானைக்குள்ள வச்சேன்க்கா. நீங்க பாத்துருவீகன்னுதான்."

அடுப்புச் சந்து, சாமி படத்துக்குப் பின்பக்கம், தலையணை உறை என்று ஒவ்வொரு இடமாக வெளியே வந்தது. தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருத்தியும் நினைத்து, அந்தப் பயத்தைத் தனியாகவே சுமந்திருக்கிறாள். பிறகு ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. பேச்சியம்மா மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இனிமேல் மத்தியானச் சோறு முடிந்ததும் மலையிலேயே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மாத்திரை போடுவது, புது மாத்திரை கேட்டு எல்லோருமாகச் சேர்ந்து டிஸ்பென்சரிக்குப் போவது என்று அங்கேயே முடிவாயிற்று.

செந்தில் படியில் உட்கார்ந்துவிட்டார். "விழிப்புணர்வு இல்லாததால மாத்திரை சாப்பிடலைன்னு எழுதிட்டேனுங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதன்பிறகு அவரை அங்கிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

பொதுச் சுகாதாரம் பற்றி நாற்பது அலமாரிப் புத்தகங்களுக்கு நான் காவல். அதில் 'பொது' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குப் புரிந்தது அந்த லயத்து வாசலில்தான். கட்டுரை வெளிவந்தது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் யாரைப் பற்றியதோ அவர்களுக்குத் தெரியாதவரை அது பாதி வழியில் நின்ற பேருந்துதான்.

பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் மாமி கையை நீட்டினார். "அந்தக் கையெழுத்து ஃபாரத்தை எடு." செந்திலைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவர் முதுகிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு கைப்பையிலிருந்து கல்லூரி முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்தார். பாலக்காட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார்!

"ஊருக்குப் போய்ப் போட்டுக்கலாம்ங்களே மாமி" என்றேன்.

"நாளைக்குக் கார்த்தால இவன் என்னைத் தேடிண்டு நிக்கணுமோ? நேரா ஆபீஸ்ல குடுத்துட்டுப் போகட்டும். கொழந்தை காத்துண்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

செந்தில் திங்கட்கிழமை மத்தியானம் கோயம்புத்தூரில் சேர்ந்துவிட்டார். இப்போதும் அவருடைய மாணவர்கள் ஆய்வு முடிந்ததும் தகவல் எடுத்த ஊருக்குப் போய் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் அவர் முகத்தில் விழிக்க முடியும் என்று கேள்வி. மாமி போன வருஷம் ஓய்வு பெற்றார். பிரின்சிபால் சக்குபள்ளம் போய்வந்தார். அவர் மாமியின் கடைசி வாரம்வரை தள்ளிப்போட்டார் என்பது வேறு விஷயம்.

மாமிக்கும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வேண்டுமே. போட வேண்டியவன் நான். அலுவலகத்துக்குப் போகும் பிரதியில் அன்றே போட்டுவிட்டேன், பென்ஷன் ஒழுங்காக வருகிறது. நூலகப் பிரதி மட்டும் என் இழுப்பறையில் கிடக்கிறது. ஏனென்றால் மாமி ஒரு மருத்துவ அகராதியைத் திருப்பித் தர வேண்டும்.

புதன்கிழமைதோறும் கல்பாத்தியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, "இந்தா, கொண்டு வந்துட்டேன்" என்று அகராதியை மேஜையில் போடுவார். பிறகு மத்தியானம்வரை மாணவர்களைப் பிடித்து, யாருக்கு ஜுரம் என்று விசாரிப்பார். கிளம்பும்போது அகராதி மறுபடி அவர் பைக்குள் போகும். அந்த நேரம் பார்த்து எனக்குக் கணினியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகாது. போட்டுவிட்டால், அப்புறம் புதன்கிழமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?