எருமைக்கும் மரியாதை கொடுத்த டிரைவர்

குறுக்கே வந்த எருமையிடம் "கொஞ்சம் தள்ளுங்க, நேரமாச்சுங்க" என்று கேட்டுக்கொண்ட ஒரே டிரைவர், தர்மபுரி ஜில்லாவிலேயே எங்கள் 'வாங்க' டிரைவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மாரண்டஹள்ளியிலிருந்து தர்மபுரி வரை அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அறுபதுகளின் கடைசியில் அவர் ஓட்டிய தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். கைக்குழந்தை ஏறினாலும் "வாங்க, உக்காருங்க" என்பார். மேட்டில் வண்டி திணறினால் ஸ்டியரிங்கைத் தடவி, "இன்னும் கொஞ்சம்தாங்க, ஏறிருவீங்க" என்பார். ஒருமுறை லாரிக்காரன் ஒருவன் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினான். முழுக்கக் கேட்டுவிட்டு, "சாப்ட்டீங்களா?" என்றார். அவன் பயந்துபோய் லாரியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

இவருக்கு வாய்த்த சூப்பர்வைசருக்கோ 'டா' போடாமல் மூச்சே வராது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில், வண்டி நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, "டேய் எருமை" என்று ஆரம்பித்து, பத்திரிகையில் அச்சடிக்க முடியாத இடத்தில் கொண்டுபோய் முடித்தார். நம்மவர் சாவியை அவர் கையில் வைத்தார். "நீங்களே வச்சுக்குங்க. நான் வூட்டுக்குப் போறனுங்க."

வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கு நிலைமை உறைத்தது. ஸ்டியரிங்கைத் தவிர வேறு தொழில் தெரியாது. அந்த ஒரு சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. நான்தான் அவரை யூனியன் வக்கீலிடம் இழுத்துப் போனேன்.

"அவங்களா நீக்கியிருந்தா கேஸ் சுலபம். நீங்களே சாவியக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே!" என்று வக்கீல் தலையில் கை வைத்தார். "சரி, தொல்லை தாங்காமதான் வெளிய வந்தேன்னு லேபர் ஆபீசர்கிட்ட மனு குடுப்போம். அவர் சமரசம் பேசுவார். படியலைன்னா லேபர் கோர்ட்டு. ஆனா சூப்பர்வைசர் பேசினதை அப்படியே சொல்லணும்."

அங்கேதான் வந்தது வினை.

"என்ன சொல்லித் திட்டினார்?" என்று சேலத்தில் லேபர் ஆபீசர் கேட்டார். எதிரே கம்பெனி மேனேஜரும் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவர் நெளிந்தார். "வந்துங்க... 'எருமைங்க, நீங்கல்லாம் எதுக்குங்க வண்டி ஓட்டறீங்க'ன்னு கேட்டாருங்க."

"மரியாதையாத்தானே கேட்டிருக்கார்?"

"ஆமாங்க" என்று சொல்லித் தொலைத்தார் மனிதர்! வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க!" என்றார் வக்கீல்.

"அது என் வாயில வராதுங்க."

கேஸ் கவிழப் போகிறது என்று தெரிந்ததும் நான் சாட்சி சொல்ல எழுந்தேன். சூப்பர்வைசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "டேய், நீ உக்கார்றா! இந்த எருமைக்கு நீ வேற வக்காலத்தாடா?" என்று ஆரம்பித்து, அந்த அச்சடிக்க முடியாத இடம் வரை ஒரு சொல் விடாமல் போய்ச் சேர்ந்தார்.

ஆபீசர் பேனாவை மூடினார். கம்பெனி மேனேஜரைப் பார்த்து, "கோர்ட்டுக்குப் போறீங்களா, இங்கயே முடிச்சுக்கறீங்களா?" என்றார். மேனேஜர் அங்கேயே முடித்துக்கொண்டார். டிரைவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. திட்டுவதற்கு ஆளே இல்லாத டயர் குடோனுக்குச் சூப்பர்வைசரை மாற்றினார்கள்.

வெளியே சூப்பர்வைசர் தனியாக நின்றுகொண்டிருந்தார். நம்மவர் நேரே அவரிடம் போனார். "நீங்க மட்டும் வாய் தொறக்கலைன்னா என் பொழப்பு போயிருக்குமுங்க. வாங்க, டீ சாப்பிடலாம்." நக்கல் என்று நினைக்காதீர்கள். மனதாரத்தான் சொன்னார். பாவம், அந்த மனிதரும் போய்க் குடித்தார்.

'வாங்க' டிரைவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றும் நான் கார் ஓட்டிப் போகும்போது ரோட்டில் எருமை குறுக்கே நின்றால் ஹாரன் அடிப்பதில்லை. "கொஞ்சம் தள்ளுங்க" என்றுதான் கேட்கிறேன். எருமை நகர்வதில்லை. அது நிற்கிற வரைக்கும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், எருமை மெதுவாகவே போகட்டும்.