அழுத்தித் திருகவும்

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் சிவகாசியில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி வைத்திருக்கிறார். சீசனில் பட்டாசுப் பெட்டி. மற்ற நாளில் மருந்துப் பெட்டி. இருமலுக்கு, காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று ஊரில் இருக்கிற சீக்குக்கெல்லாம் மடித்து ஒட்டிக் கொடுக்கிற மனிதர். ஆனால் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரிக்க அவருக்குத் தெரியாது.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் மூன்று வருடம் நம்பினேன்.

அவருக்குப் பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்காருவார். முதலில் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"ஒட்டு பாத்தியா? ஒரு முடி நுழையாது. இது நம்ம ஆர்டர் இல்ல. இருந்தாலும் நல்லாத்தான் ஒட்டியிருக்கான்."

பிறகு நடை திறப்பதுபோல மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற அட்டையை எடுப்பார். எடுத்து, அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கினவர் மாதிரி என் பக்கம் நீட்டிவிடுவார்.

"பெட்டி நம்ம வேலை. உள்ள இருக்கறது எவன் வேலையோ."

எவன் வேலையோ, அவன் நல்லவன் இல்லை. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு அட்டை அழுத்தினால் பிதுங்கும். இன்னொன்று அழுத்தினால் வளையும், பிதுங்காது. சிலது இரண்டு பக்கமும் தகடு. அதில் எங்கே கிழிப்பது என்று ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டைத் தவிர எல்லாப் பக்கமும் கிழியும். கத்தரிக்கோல் வைத்தால் மாத்திரை பாதியாகிவிடும். டானிக் பாட்டில் மூடி சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கண் மருந்துக் குப்பியில் ஓட்டையே கிடையாது, மூடியில் இருக்கிற முள்ளால் நாமே குத்திக்கொள்ள வேண்டும். மருந்து தேவைப்படுகிறவனுக்குக் கண் தெரியாது, விரல் நடுங்கும் என்று யாருமே அவர்களிடம் சொல்லவில்லை போல.

எல்லாவற்றிலும் மோசம் ஒரு வெள்ளை டப்பா. துபாயில் இருக்கிற மகள் ஐஸ்வர்யா என் முழங்காலுக்கு அனுப்பின மாத்திரை அதில் இருந்தது. குழந்தைகள் திறக்கக் கூடாதென்று செய்த மூடி. மேலே ஒரு கையும் அம்புக்குறியும் போட்டிருந்தது. மீதி இங்கிலீஷ். நான் எட்டாவதோடு நின்றவள். படம் போதும் என்று நினைத்தேன். போதவில்லை. கடைசியில் ஐஸ்வர்யா போனில் முகத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாள். உள்ளங்கையை வைத்து அழுத்தி, யார் மேலோ கோபமாக இருப்பது மாதிரித் திருக வேண்டும். அதன் பிறகு எனக்குச் சுலபமாக வந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் காரியாபட்டியிலிருந்து என் தங்கை வீரலட்சுமி கூப்பிட்டாள். புது வீடு கட்டி முடித்துவிட்டார்கள். வைகாசியில் பால் காய்ப்பு.

"யக்கா, நாலு நாள் முன்னாடியே வந்துரணும். ஒத்தாசைக்கு ஒரு ஆளையும் கூட்டிட்டு வா. நீ வரலைன்னா நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன்."

அவர் மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து நான் ஒரு ராத்திரி கூட வெளியே தங்கியதில்லை. எப்படியும் இந்தத் தடவை போய்விடுவது என்று முடிவு செய்தேன். அவரிடம் சொன்னேன்.

"தாராளமா போயிட்டு வா," என்றார்.

எனக்கே திக்கென்றது. இவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் சரி சொல்லமாட்டார். ஒரு வாய் மோர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ராத்திரி மாத்திரைக்கு மட்டும் வந்துட்டுப் போ."

"காரியாபட்டியில இருந்தா?"

"பின்ன யாரு பிரிப்பா?"

"நான் இப்பவே எல்லாத்தையும் பிரிச்சுக் கிண்ணத்துல போட்டு வச்சிட்டுப் போறேன்."

"காத்துப் பட்டா மாத்திரைக்குச் சக்தி போயிருமாம். மருந்துக் கடையில சொன்னாக."

"அப்ப நீங்க பழகிக்கோங்க."

பழக்கினேன். முதல் மாத்திரை பறந்து போய் ரசத்தில் விழுந்தது. இரண்டாவது ஃபிரிட்ஜுக்கு அடியில் போயிற்று. மூன்றாவதை அழுத்தினார் அழுத்தினார், முகம் சிவந்துவிட்டது. பிரஷர் மாத்திரையைப் பிரிக்கப் போய்ப் பிரஷர் ஏறிவிடும் என்று நானே பிடுங்கிக்கொண்டேன். வெள்ளை டப்பாவைக் கொடுத்தேன். அது டக் டக் என்றது. உடனே கீழே வைத்துவிட்டார்.

"வேண்டாம் பாலம்மா. நம்ம ஊர்ல இந்த மாதிரிச் சத்தம் கேட்டா ஓடித்தான் பழக்கம்."

இரண்டு வீடு தள்ளி இருக்கிற வள்ளித்தாயிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவள் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள்.

"தெனம் ராத்திரி நான் வந்து பிரிச்சுக் குடுக்கேன். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க," என்றாள்.

அதை அவரிடம் சொன்னதும் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டார். "அடுத்த வீட்டுப் பொம்பளை வந்து எனக்கு மாத்திரை பிரிச்சுக் குடுக்கணுமா? இந்த ஊர்ல நான் தலை நிமிந்து நடக்கணுமா வேண்டாமா?"

மறுநாள் இதைக் கேட்டு வள்ளித்தாய் சிரித்தாள். "யக்கா, அண்ணாச்சிக்குப் பிரிக்கத் தெரியலையா, பிரிய மனசில்லையா?"

"வெளாட்டா இருக்கா ஒனக்கு? போன வருசம் ஒரு ராத்திரி மாத்திரை விட்டுப்போயி, மறுநாள் அட்டை வெட்டுற பஞ்சிங் மெஷின்கிட்ட தலை சுத்தி நின்னாரு. கைய உள்ள விட்டுருந்தா என்ன ஆகியிருக்கும்?"

தங்கைக்குப் போன் பண்ணி, பால் காய்ப்பன்று காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுகிறேன் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் மிட்டாய் விவகாரம் வந்தது. சாத்தூர் போய் வந்த ஒருவர் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்கு டாக்டர் அதைக் கண்ணால் கூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சாயங்காலக் காப்பியோடு ஒரு துண்டு வேண்டும். எங்கே ஒளிப்பது? அரிசி டிரம்மில் வைத்தேன், கண்டுபிடித்தார். பரணில் வைத்தேன், கண்டுபிடித்தார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன், அன்றைக்குப் பார்த்து ரொம்ப நேரம் கும்பிட்டார்.

அப்போதுதான் காலியாகிப்போன வெள்ளை டப்பா ஞாபகத்துக்கு வந்தது. அவரால் திறக்க முடியாத ஒரே பாத்திரம் இந்த வீட்டில் அதுதான். மிட்டாயை ஒடித்து அதில் போட்டு, அலமாரியில் அவர் கண் முன்னாலேயே வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சோதிக்கவேண்டும் என்ற நினைப்பெல்லாம் எனக்கு இல்லை.

மூன்றாம் நாள் டப்பா லேசாக இருந்தது.

"ஏங்க, டப்பாவுல மிட்டாய் குறையுதே."

"எறும்பா இருக்கும்."

"எறும்பு ஒண்ணு கூட இல்லையே."

"அப்ப எலி."

"மூடி மூடினபடியே இருக்கு."

"இந்தக் காலத்து எலி," என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

நான் ஒரு பைத்தியக்காரி. எலி என்றதும் எலிக்காய்ச்சல்தான் ஞாபகம் வந்தது. பாத்திரம் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டேன். எலிப்பொறி வாங்கி, வடையைச் செருகி, டப்பா பக்கத்திலேயே வைத்தேன். காலையில் வடை அப்படியே இருந்தது. மிட்டாயில் இரண்டு துண்டைக் காணோம்.

வள்ளித்தாய் வந்து பொறியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யக்கா, எலி என்ன பண்ணியிருக்குன்னு சொல்லுங்க."

"மூடியத் திறந்து மிட்டாயைத் தின்னுருக்கு."

"அப்புறம்?"

"மூடியத் திரும்பத் திருகி..." என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்த எலி வேட்டி கட்டியிருக்குமா யக்கா?"

எனக்குக் கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. மூன்று வருடம். எத்தனை கல்யாணத்துக்குப் போய்த் தாலி கட்டி முடித்ததும் பஸ் ஏறி ஓடி வந்திருக்கிறேன். நேராகக் கேட்டால் எலி என்பார். கையும் களவுமாகப் பிடித்தால் பிரஷர் ஏறிய மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், நான்தான் பயந்து சாவேன். அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டு, சொன்னபடி நாலு நாள் முன்னாடியே வருகிறேன் என்றேன்.

புறப்படுகிற நாள் காலையில், அவருடைய மாத்திரை அட்டைகளை வேளைக்கு ஒரு துண்டாக வெட்டினேன். பிரிக்கவில்லை. பிரிப்பது அவர் பாடு. எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றி, குலுக்கினால் சத்தம் வராதபடி வெள்ளை டப்பாவுக்குள் வைத்து மூடினேன். மருந்துப் பெட்டியில் வெறும் டானிக் மட்டும் இருந்தது.

"நான் காரியாபட்டி போறேன். பால் காய்ச்சிட்டுத்தான் வருவேன்," என்றேன்.

"மாத்திரை?"

"எங்க வச்சிருக்கேன், எப்படிப் போடணும்னு ராத்திரி ஒம்பது மணிக்குப் போன்ல சொல்றேன். அப்புறம் அந்த டப்பாவப் பத்திரமாப் பாத்துக்கோங்க. புதுசா மிட்டாய் போட்டுருக்கேன். உங்களால திறக்க முடியாது, எலிக்குச் சொல்றேன்."

அவர் சிரித்தார். சாயங்காலம் நான் திரும்பி வந்து நிற்பேன் என்று நினைத்திருப்பார். கம்பெனிக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் வள்ளித்தாய் ஒரு பையோடு வந்து நின்றாள்.

"கம்பெனியில நாலு நாள் லீவு விட்டுட்டாக யக்கா. ஒத்தாசைக்கு ஆள் வேணும்னீகளே, நானே வாரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் டப்பாவைத் திறக்காவிட்டால், கடைசிக்கு வள்ளித்தாயையாவது அனுப்பித் திறக்க வைக்கலாம் என்பதுதான் என் தைரியமே. அந்தத் தைரியம் என்னோடு பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

விருதுநகரில் பஸ் மாறினோம். மல்லாங்கிணறு தாண்டும்போது வள்ளித்தாய் கேட்டாள்.

"என்ன யக்கா யோசனை?"

"இன்னைக்குப் பாத்து மனுசன் திருந்திட்டா என்ன பண்றது?"

"அண்ணாச்சியா?"

"டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, மிட்டாயே வேண்டாம்னு படுத்துட்டா? மாத்திரை உள்ள கெடக்கும், அவரு வெளிய கெடப்பாரு."

"யக்கா, மொத நாளே ஒரு மனுசன் திருந்துவானா?"

அவள் தூங்கிவிட்டாள். நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். தாயே, இத்தனை நாள் அவருக்கு நல்ல புத்தி கொடு என்று கேட்டேன். இன்று ஒரு ராத்திரி மட்டும் கொடுக்காதே. திருடட்டும்.

தங்கை என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். புது வீட்டைச் சுற்றிக் காட்டினாள். நான் எல்லா அறையிலும் கடிகாரத்தைத்தான் தேடினேன். எட்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. வீட்டில் அவர் இந்நேரம் வந்திருப்பார். ஓட்டலில் வாங்கினதைச் சாப்பிட்டிருப்பார். சாப்பிட்டதும் அவருக்கு இனிப்பாக ஏதாவது வேண்டும்.

ஒன்பது மணிக்குப் போன் பண்ணினேன். வள்ளித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன்."

"மாத்திரை எங்க இருக்குன்னு சொல்லட்டுமா?"

"போட்டாச்சு. நீ ஒண்ணும் கவலைப்படாத."

என் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. அம்மா மாரியம்மா. தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"போட்டாச்சா? நான் இன்னும் எடத்தையே சொல்லலையே. எங்கன இருந்துச்சு?"



"அந்த... வெள்ளை டப்பாவுலதான்."

"டப்பாவ யாரு திறந்தா?"

அவர் யோசிக்கிறார் என்பது எனக்குக் காரியாபட்டியிலிருந்தே தெரிந்தது. எலி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்துகிறார். பிறகு குரல் தெளிந்துவிட்டது. நல்ல ஒரு வழி அகப்பட்டவர் மாதிரி, கம்பெனியில் ஆர்டர் பேசுகிற குரலில் சொன்னார்.

"என்னால எப்படித் திறக்க முடியும்? வள்ளித்தாயத்தான் கூப்பிட்டேன். தலை குனிஞ்சாலும் பரவாயில்லைன்னு கூப்பிட்டேன். வந்து டக்குனு திறந்து, மாத்திரையப் பிரிச்சுக் குடுத்துட்டு, இப்பத்தான் வாசப்படி எறங்குறா. நல்ல பிள்ளை."

நான் போனை வள்ளித்தாய் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"அண்ணாச்சி, அவ தெருவத் தாண்டலைன்னா ஒரு குரல் குடுங்க. கொடியில என் சேலை காயுது, எடுத்து உள்ள போட்டுட்டுப் போகச் சொல்லுங்க."