பம்பு அடித்தவர் யார்?

மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே கேட்பதில்லை. நான் கேட்டிருந்தால் இந்த மானக்கேடு நடந்திருக்காது.

யுத்தம் முடிந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். மெட்ரிக்கும் ட்ரெயினிங்கும் முடித்து டீச்சராகவும் ஆகியிருந்தேன். (தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.) பம்பாய் மாதுங்காவில் ஒரு மாதர் சங்கம் பேசக் கூப்பிட்டது. வீடு எங்கே என்று கேட்டார்கள். "சயான் பக்கம்" என்றேன். (தாராவிக் குடிசைப் பகுதி என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவும் சயானுக்குப் பக்கம்தானே!)

ஸ்கூலுக்கு வந்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில், விஞ்ஞான வரலாற்றைப் புதிதாக ஆராய்கிறவர்களைப் பற்றிப் படித்திருந்தேன். காற்றை இறைக்கும் பம்பைக் கண்டுபிடித்த மேதைகளை எல்லோரும் புகழ்கிறார்கள். அதை நாளெல்லாம் நின்று அடித்த கூலியாட்களின் பெயரை ஏன் யாரும் எழுதி வைக்கவில்லை என்று அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதையே பேசுவதென்று முடிவு செய்தேன்.

விளக்கிக் காட்ட ஸ்கூல் பம்பும், கண்ணாடி ஜாடிக்குள் ஒரு மின்சார மணியும். காற்றை இறைத்துவிட்டால் மணிச்சத்தம் வெளியே கேட்காது. பம்பு அடிக்க அப்பா. அவருக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. அன்று இரண்டு தடவை குளித்து, சலவை வேட்டி கட்டி, பம்புப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்திருந்தார்.

அரை மணி நேரம் முழங்கிவிட்டு, "இனி உங்களுக்கு எதுவும் கேட்காது" என்றேன். அப்பா அடித்தார். மணி கணகணவென்று ஒலித்தது.

"நன்னாக் கேக்கறதே!" என்றாள் முன்வரிசை மாமி ஒருத்தி. சபை சிரித்தது.

அப்பா பம்பைக் கழற்றிப் பார்த்தார். "உள்ள தோலு காஞ்சு கெடக்கு. இம்புட்டுத் தேங்கா எண்ணெ கெடைக்குமா?"

எண்ணெய் வந்தது. தோலை விரலால் நீவி, வளைத்து, மாட்டி மறுபடி அடித்தார். சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றே போனது. ஒரே கைதட்டல்.

சங்கத் தலைவி என்னிடம் குனிந்து, "பலே கெட்டிக்காரனா இருக்கானே! யாரு இவன்?" என்றாள்.

கூலியாட்களின் பெயருக்காக முழங்கிய அதே வாய் சொன்னது: "சாமான் தூக்கிண்டு வந்த ஆள், மாமி." ('தூக்கிண்டு' வேறு! எங்கள் ஏழு தலைமுறையில் யாரும் அப்படிப் பேசியதில்லை.)

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

திரும்பும்போது மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளிலிருந்து பத்தடி பின்னாலேயே வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார்.

"கூட வாங்கப்பா."

"இருக்கட்டும் டீச்சரம்மா, நீங்க முன்னால போங்க."

அவ்வளவு ஜனம் நடக்கிற ரோட்டில் நான் தனியாகவே வீடு வந்து சேர்ந்தேன். அம்மாவிடம் அப்பா எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். "ஒம் மக 'தூக்கிண்டு'ங்கா, கேட்டியா!" அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கும் வீட்டுக்கு வருகிற புது ஆள் யாராவது "நீங்க யாரு?" என்று கேட்டால் அப்பா பதில் சொல்வதில்லை. என் பக்கம் கையைக் காட்டுவார்: "அவகிட்ட கேளுங்க."

வீடே சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "எங்கப்பா" என்று நான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.